சட்டத்தரணியின் பெயருக்கு முன் சட்டப் பிரிவு: கொழும்பில் குற்ற வழக்கை எதிர்கொள்வோருக்கு

"சந்தேகநபரை எதிர்வரும் 14 ஆம் திகதி வரை விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவிட்டார்" என்ற வரி நம் செய்தித்தாள்களில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் வருகிறது. அதைத் தண்டனை என்று வாசிப்பவர்கள் பலர். அந்த வரி தமது வீட்டுப் பிள்ளையைப் பற்றியதாக அமையும்போதுதான், அது என்ன உத்தரவு, அதை யார் மாற்றலாம், அதற்கு எந்தச் சட்டத்தரணியிடம் போவது என்ற கேள்விகள் ஒரே இரவில் வந்து நிற்கின்றன. 2023 டிசம்பரில் பொலிஸார் தொடங்கிய "யுக்திய" என்ற போதைப்பொருள் ஒழிப்புச் சுற்றிவளைப்புகளின்போது கொழும்பில் பல குடும்பங்கள் இந்தக் கேள்விகளோடு பொலிஸ் நிலைய வாசல்களில் நின்றன.

அந்த இரவில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது ஒரு பெயரை: "புதுக்கடையில் பெரிய லோயர் யார்?" (புதுக்கடை கொழும்பின் நீதிமன்ற வட்டாரம்.) அதற்கு முன்னர் தேட வேண்டியது ஓர் இலக்கத்தை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்க் கைது செய்யப்பட்டார் என்பது தெரிந்தால்தான், பிணை எந்த நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது என்பது தெரியும். அது தெரிந்த பிறகுதான் எத்தகைய சட்டத்தரணி தேவை என்பதைத் தீர்மானிக்க முடியும்.

முதலில் சில சொற்கள்

விசாரணை முடியாத நிலையில் பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை "பீ அறிக்கை" எனப்படுகிறது. அதன் இலக்கமே ஆரம்பத்தில் வழக்கின் அடையாளம். அந்தக் கட்டத்தில் கைதானவர் சந்தேகநபர். குற்றச்சாட்டு முறையாகத் தாக்கல் செய்யப்பட்ட பின்னரே அவர் எதிரி ஆகிறார். பாரதூரமான குற்றங்களில் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார். ஏனையவை நீதவான் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டு முடியும். விளக்கமறியல் என்பது விசாரணை நடைபெறும் காலத்தில் சிறைச்சாலைப் பொறுப்பில் வைத்திருப்பது மட்டுமே. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 115 ஆம் பிரிவு ஒரு தடவையில் 15 நாட்களுக்கு மேற்படாமல் அதற்கு இடமளிக்கிறது. செய்திகளில் இரண்டு வாரக் கணக்கு திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

முதல் 24 மணித்தியாலம்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவர் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும். சனிக்கிழமை நீதிமன்றம் நடைபெறாது என்பது இதற்குத் தடையாகாது. "நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்தப்பட்டார்" என்று செய்திகளில் வருவது இத்தகைய நாட்களில்தான். குடும்பத்தார் திங்கட்கிழமை காலையில் சட்டத்தரணியைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால், முதலாவது உத்தரவு அதற்கு முன்பே பிறந்துவிடும். பிணை கேட்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பில் சந்தேகநபருக்காகப் பேச ஆளில்லாமல் போய்விடும்.

கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரையும் சட்டக்கோவையின் 23 ஆம் பிரிவும் விதிக்கும் கடமை. எனவே அந்த இரவில் பொலிஸ் நிலையத்துக்குச் செல்பவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நான்கு:

1. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு.
2. கைது செய்யப்பட்ட இடமும் நேரமும்.
3. விசாரணையைப் பொறுப்பேற்றுள்ள அதிகாரியின் பதவியும் பிரிவும். நிலையத்தின் சிறு குற்றப் பிரிவா, பெருங்குற்றப் பிரிவா, அல்லது வேறு விசேட பிரிவு வந்து பிடித்ததா என்பதும் இதில் அடங்கும்.
4. எந்த நீதிமன்றத்தில், எப்போது முற்படுத்துவார்கள். கொழும்பு பிரதான நீதவான் நீதிமன்றம், கோட்டை, மாளிகாகந்தை, கல்கிசை என்று நியாயாதிக்கம் பிரிந்திருப்பதால், தவறான வாசலில் காத்திருந்து தவணையைத் தவறவிட்டவர்கள் உண்டு.

சட்டத்தரணி ஒருவர் தமது கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் தோன்றலாம். இதற்கென வகுக்கப்பட்ட விதிகள் 2012 இல் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. சட்டத்தரணியை மரியாதையுடன் நடத்தி, அவர் வந்த காரியத்தைக் கேட்கும் கடமையை அவை பொறுப்பதிகாரிக்கு விதிக்கின்றன. இரவு பத்து மணிக்கு நிலையத்துக்கு வரக்கூடிய கனிஷ்ட சட்டத்தரணி ஒருவர், அடுத்த வாரம் சந்திக்க நேரம் தரும் பிரபலத்தைவிட அந்தக் கட்டத்தில் பெறுமதியானவர் என்பதே என் மதிப்பீடு.

சிங்களத்தில் எழுதப்பட்ட அந்தத் தாள்

கொழும்பில் தமிழ் பேசுவோரின் வழக்குகள் பல இந்த இடத்தில்தான் சிக்கலாகின்றன. விசாரணை அதிகாரி கேள்வி கேட்கிறார். சந்தேகநபர் பாதித் தமிழிலும் பாதிப் பேச்சுச் சிங்களத்திலும் பதில் சொல்கிறார். அதிகாரி தாம் விளங்கிக்கொண்டதை நீளமான தாளில் சிங்களத்தில் எழுதுகிறார். கடைசியில், வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டார் என்ற பொருளில் ஒரு வரி எழுதப்பட, அதன் கீழே கையொப்பம் வாங்கப்படுகிறது. சந்தையில் சிங்களம் பேசத் தெரிந்தவருக்கு எழுத்துச் சிங்களம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

"பொலிஸாரிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது" என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. அதில் பாதியே உண்மை. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் மூன்று விலக்குகளை மனத்தில் வைக்க வேண்டும். அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தெளிவாகத் தொடர்புடைய பகுதி 27 ஆம் பிரிவின் கீழ் ஏற்கப்படலாம். எதிரி பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறி வேறு விதமாகச் சொன்னால், முன்னர் மாறுபட்டுச் சொன்னார் என்று காட்ட அதே தாள் வெளியே வரும். சட்டக்கோவையின் 110(3) பிரிவு அதற்கு வழி விட்டிருக்கிறது. மூன்றாவதாக, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்குகளில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலுள்ளவரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகச் செல்லும்.

ஆகையால் விளங்காத தாளில் கையொப்பமிடுவது சிறிய விடயமாகாது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்பாடும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தருகிறது. வாக்குமூலத்தைத் தமிழில் பதிவுசெய்யுமாறு, அல்லது தமிழில் முழுமையாக வாசித்து விளக்குமாறு கேட்கலாம். அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டது என்பதை நீதவானிடம் முதல் நாளே சொல்வது சட்டத்தரணியின் வேலை. பல மாதங்கள் கழித்து முதன்முறையாகச் சொல்லப்படும் குறை, பின்யோசனையாகவே பார்க்கப்படும்.

நீதிமன்றத்தின் உள்ளேயும் மொழி தொடர்கிறது. 24 ஆம் உறுப்புரையின்படி கொழும்பு நீதிமன்றங்களின் மொழி சிங்களம். பதிவேடும் அதிலேயே அமையும். ஆயினும் அம்மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. நடைமுறையில் உரைபெயர்ப்பாளர் வரும்வரை வழக்கை வேறு தவணைக்கு ஒத்திவைப்பதும், அவசரத்தில் இரண்டு வரியில் சுருக்கிச் சொல்வதும் நடக்கின்றன. அதனால் சிங்களத்தில் வாதாடும் திறனும் கட்சிக்காரரிடம் தமிழில் விபரம் கேட்கும் திறனும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அது பெரிய வசதி. சேராவிட்டால், தமிழ் தெரிந்த கனிஷ்டர் ஒருவர் உடன் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

பிணை யாருடைய கையில்?

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் வழிகாட்டுக் கொள்கை, பிணை வழங்குவது விதி, மறுப்பது விலக்கு என்பதாகும். பிணை வழங்கத்தக்க குற்றமாயின் அது உரிமை. ஏனையவற்றில் நீதவானுக்குத் தற்றுணிபு உண்டு. தலைமறைவாகும் வாய்ப்பு, சாட்சிகளில் தலையிடும் வாய்ப்பு, மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு, பொதுமக்களிடையே குழப்பம் ஏற்படும் வாய்ப்பு ஆகியவையே மறுப்பதற்கான பிரதான காரணங்கள். எனினும் இந்தப் பொதுவிதி எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்துவதில்லை.

1. கொலை போன்று மரணதண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாயின், நீதவானால் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

2. பொதுச் சொத்துக்கு எதிரான குற்றமாகி, சொத்தின் பெறுமதி 25,000 ரூபாவுக்கு மேற்பட்டதென உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்றளித்தால், விதிவிலக்கான சூழ்நிலை காட்டப்பட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. இன்றைய விலையில் ஒரு மின்கம்பியின் துண்டுகூட அதைத் தாண்டிவிடலாம்.

3. போதைப்பொருள் வழக்குகளில் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் 2 கிராமும் அதற்கு மேற்பட்ட ஹெரோயினும் உடைமையில் இருப்பது மரணதண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமானது. நீதிமன்றம் அந்தத் தண்டனையை விதித்தாலும், 1976 இற்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. பாரிய அளவுகளில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்று விதிவிலக்கான காரணம் காட்டினாலன்றிப் பிணை கிடைக்காது.

4. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுக்குப் பிணைச் சட்டமே பொருந்தாது. 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தம் தடுத்துவைப்பு உத்தரவின் உச்சக் காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்ததோடு, சட்டத்தரணியைச் சந்திக்கும் வாய்ப்பையும் சட்டத்தில் எழுதியது.

மூன்றாவது வகையில் சற்று நிற்க வேண்டும். கைதன்று செய்தியில் வரும் நிறை, பிடிபட்ட தூளின் மொத்த நிறை. அதில் கலப்படம் எவ்வளவு, தூய போதைப்பொருள் எவ்வளவு என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையே சொல்லும். மொத்தம் ஐந்து கிராம் என்று பதிவான பொட்டலத்தில் தூய அளவு இரண்டு கிராமுக்கும் குறைவாக இருக்கக்கூடும். அப்போது குற்றச்சாட்டின் தன்மையும், பிணையின் வாசலும், தண்டனையின் எல்லையும் மாறுகின்றன. பொட்டலம் எப்போது முத்திரையிடப்பட்டது, எங்கே நிறுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் பழகிய கண்ணுக்கே இயலும். காணி வழக்குகளில் பெயர்பெற்ற குடும்பச் சட்டத்தரணியை நன்றியின் பேரில் இங்கே அழைத்துவருவது அவருக்கும் நியாயமாகாது.

பிணை கிடைத்தாலும் அன்றே வீடு திரும்ப முடியாமல் போவதுண்டு. ரொக்கப் பிணைக்கான பணம், சரீரப் பிணையாளிகள், அவர்களது வதிவிடத்துக்கான கிராம உத்தியோகத்தர் சான்று, கடவுச்சீட்டை ஒப்படைத்தல் என்று நிபந்தனைகள் வரும். கொழும்பில் வாடகை அறையில் தங்கியிருப்பவருக்கு, பதுளையிலோ வவுனியாவிலோ இருந்து பிணையாளி வந்து சேர்வதற்குள் நீதிமன்ற அலுவலகம் மூடிவிடும். அந்த இரவும் வெலிக்கடையில் கழியும். பிணையாளிகளின் பத்திரங்களை முன்கூட்டியே தயார்செய்யச் சொல்லும் சட்டத்தரணி தம் தொழில் அறிந்தவர்.

அப்புக்காத்து, பிறக்கிராசி, ஜனாதிபதி சட்டத்தரணி

வீட்டு முதியோர் இன்றும் சொல்லும் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு வகுப்புகள் 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால் ஒன்றாக்கப்பட்டன. 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளே. உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பதிவுபெற்ற எவரும் எந்த நீதிமன்றத்திலும் தோன்றலாம். பழைய வேறுபாடு வழக்கத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது: பத்திரங்களைத் தயாரிக்கும் அறிவுறுத்தும் சட்டத்தரணி ஒருவர், எழுந்து வாதாடும் சட்டத்தரணி மற்றொருவர். ஜனாதிபதி சட்டத்தரணி என்பது ஜனாதிபதி வழங்கும் கௌரவம். சாதாரண காயம் விளைவித்த வழக்குக்கு அந்தக் கௌரவம் தேவைப்படாது. அவருக்குச் செலுத்தும் கட்டணத்தில் நீதவான் நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்கும் ஒருவரை வழக்கு முடியும்வரை வைத்திருக்கலாம்.

அமர்த்துவதற்கு முன் கேட்க வேண்டியவை

புதுக்கடையில் காலை எட்டு மணியளவில் நீதிமன்ற வாசலை நெருங்கும்போதே "என்ன வழக்கு?" என்று கேட்டபடி ஒருவர் கூடவே நடக்கத் தொடங்குவார். அவர் தரகர். வழக்கை இன்னொருவரிடம் சேர்ப்பித்துப் பங்கு பெறுபவர். அந்தப் பங்கு உங்கள் கட்டணத்திலிருந்துதான் கழிகிறது. கைது செய்த நிலையத்திலேயே யாராவது "இவரைப் பிடியுங்கள், காரியம் நடக்கும்" என்று ஒரு பெயரைச் சொன்னால் இருமடங்கு யோசிக்க வேண்டும்.

நேரடியாகச் சட்டத்தரணியைச் சந்திக்கும்போது கேட்க வேண்டியவற்றுள் முக்கியமானவை:

1. இந்தப் பிரிவின் கீழான வழக்குகளில், இதே நீதிமன்றத்தில், அண்மையில் தோன்றியிருக்கிறீர்களா? "எல்லா வழக்கும் பார்ப்போம்" என்பது பதிலாகாது.
2. அடுத்த தவணைக்கு நீங்களே வருவீர்களா, கனிஷ்டரை அனுப்புவீர்களா? அனுப்பினால் அவருடைய பெயர் என்ன?
3. கட்டணம் தவணைக்கு இவ்வளவா, முழு வழக்குக்குமா? மேல் நீதிமன்றப் பிணை விண்ணப்பத்துக்கு வேறாகவா? வழக்குப் பதிவேட்டின் சான்றுபடுத்திய பிரதிகளுக்கான செலவு அதில் அடங்குமா?
4. செலுத்தும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு தருவீர்களா?
5. முறைப்பாட்டாளருக்கோ இதே வழக்கின் வேறொரு சந்தேகநபருக்கோ நீங்கள் தோன்றுகிறீர்களா? மூன்று நண்பர்கள் ஒன்றாகக் கைதாகும்போது மூவருக்கும் ஒருவரே போதும் என்று குடும்பங்கள் எண்ணுகின்றன. ஒருவரின் எதிர்வாதம் மற்றவர் மீது பழிபோடுவதாக அமையுமானால் அந்தச் சிக்கனம் ஆபத்தாகிவிடும்.

முடிவை உறுதிப்படுத்தும் எவரையும் தவிர்ப்பது நல்லது. நீதவானைத் தெரியும், அரச தரப்பில் ஆள் இருக்கிறது என்று சொல்பவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது உங்களை இன்னொரு குற்றத்துக்குள் இழுக்கிறார். முறைப்பாட்டாளரின் வீட்டுக்குப் போய் "பேசி முடிக்கும்" ஆலோசனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாட்சியை அச்சுறுத்துவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனிக் குற்றம். சமரசத்துக்கு இடமுள்ள குற்றங்களைச் சட்டக்கோவையின் 266 ஆம் பிரிவு வரிசைப்படுத்தியிருக்கிறது. அதை நீதிமன்றத்தின் முன் சட்டத்தரணி வழியாகச் செய்வதே முறை.

மறுபக்கம், தெரிவு செய்த பின் சட்டத்தரணியிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவரது சம்மதமின்றி வெளியிட சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. முந்திய வழக்கொன்றை மறைத்து வைத்தால், அதைப் பொலிஸார் பிணை விசாரணையின்போது எழுந்து சொல்வார்கள். அந்தக் கணத்தில் உங்கள் சட்டத்தரணியிடம் பதில் இருக்காது.

பணம் இல்லாதபோது

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமையகம் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே இருக்கிறது. வருமானத்தை விசாரித்த பின் உதவி வழங்குவார்கள். மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணியின்றி நிற்கும் எதிரிக்கு அரச செலவில் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, நீதியின் தேவைக்கேற்ப இலவச சட்ட உதவியையும் உரைபெயர்ப்பாளரையும் பெறும் உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் இதைக் கேட்காதவருக்குக் கிடைப்பது அரிது. கைதின்போது தாக்கப்பட்டிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது.

"ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடியும்"

சிறு வழக்குகளில் இந்த ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள், தண்டப்பணத்தைக் கட்டு, பிற்பகல் பஸ் ஏறு. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் சம்பளம் இழப்பவருக்கு அது கவர்ச்சியானதுதான். ஆனால் ஒப்புக்கொள்வதன் விளைவு குற்றத்தீர்ப்பு. விரலடையாளப் பதிவில் அது ஏறும். இரண்டு ஆண்டுகள் கழித்து கட்டாருக்கோ கனடாவுக்கோ போக பொலிஸ் நற்சான்று கேட்கும்போது அந்தப் பழைய தண்டப்பணம் மீண்டும் மேசைக்கு வரும். சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு, பொருத்தமான வழக்குகளில் குற்றத்தீர்ப்பைப் பதியாமலே எதிரியை விடுவிக்கவோ நிபந்தனையோடு விடுவிக்கவோ இடமளிக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க முடியுமா என்று ஒப்புக்கொள்வதற்கு முன் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். தண்டப்பணம் கட்டிய பிறகு கேட்பவருக்கு எஞ்சியிருப்பது மேன்முறையீடு மட்டும், அதற்கான காலம் 14 நாள். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவரின் மேன்முறையீட்டுக்கு எஞ்சியிருக்கும் இடமும் மிகக் குறுகியது.